மொட்டைத்தாளுக்கு ஒரு பதிவு எண்

தூதர் கிளம்பிப் போன பிறகுதான் செயலர் அந்தத் தாளைக் கையில் எடுத்தார். அவர் இருக்கும்போது எடுக்கக் கூடாது. அதுதான் முறை. பக்கத்து நாட்டுத் தூதர் வருவார், தேநீர் குடிப்பார், தன் முழங்கால் வலியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுவார், எழுந்திருக்கும்போது மேசைமேல் ஒரு வெள்ளைத்தாளை மறந்து வைத்துவிட்டுப் போவார். அதைப் பார்க்காத மாதிரி செயலரம்மா வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வருவார். இரண்டு பேருக்கும் இந்த நாடகம் முப்பது வருஷப் பழக்கம்.

அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் போகிற காகிதங்களில் மூன்று ரகம் உண்டு. ஒன்று கடிதம். உச்சியில் அரசு இலச்சினை, அடியில் கையெழுத்து. எழுதியவர் பிற்பாடு இல்லையென்று சொல்ல முடியாது. இரண்டாவது குறிப்பு. அதில் கையெழுத்து இருக்காது, முத்திரை மட்டும் இருக்கும். மரியாதையைத் தெரிவித்து ஆரம்பித்து மரியாதையைத் தெரிவித்தே முடியும், நடுவில் திட்டித் தீர்த்திருந்தாலும். மூன்றாவது ரகத்தில் இலச்சினையும் இல்லை, முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை, யார் யாருக்கு எழுதியது என்றும் இல்லை. நாளைக்கே எவராவது கேட்டால், அப்படி ஒரு காகிதமே பிறக்கவில்லை என்று இரண்டு பக்கமும் சத்தியம் பண்ணலாம். கடிதத்தில் சொல்லக் கூச்சப்படுகிற விஷயத்தையெல்லாம் இதில் சொல்லிவிடலாம். அமைச்சகத்தில் இதற்கு மொட்டைத்தாள் என்று பெயர். சுருக்கமாக, மொட்டை.

அன்றைய மொட்டையில் மூன்றே வரிகள். பனிமூட்டத்தில் வழி தவறி எல்லை தாண்டிப் போய், ஒன்பது வாரமாக அங்கே அடைபட்டிருக்கிற ஏழு லாரி ஓட்டுநர்களைப் புதன்கிழமை மாலைக்குள் திருப்பி அனுப்ப வழி இருக்கிறது. அதுவரை உங்கள் பக்கம் எவரும் வாய் திறக்கக் கூடாது. கேட்டு வாங்கியதாகவோ மிரட்டி வாங்கியதாகவோ பிறகும் பேசக் கூடாது. புதன் என்ன கணக்கு என்றால், வியாழக்கிழமை அவர்கள்மேல் கோர்ட்டில் உளவுக் குற்றம் பதிவாகிறது. பதிவாகிவிட்டால் அந்த நாட்டு மந்திரிகளே நினைத்தாலும் அசைக்க முடியாது. பத்து வருஷம் வரை உள்ளே போகிற வழக்கு. குளியலறை ஓடு ஏற்றிப் போனவர்கள்மேல்.

செயலர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைப் பிடித்துவிட்டுக்கொண்டார். வெளியுறவுச் செயலர் என்பது அந்தத் துறையில் பரீட்சை எழுதி உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் கடைசிப் படி. அதற்கு மேலே அமைச்சர் மட்டும்தான், அமைச்சர்கள் தேர்தலில் வருகிறவர்கள், போகிறவர்கள். உலகத்தில் எந்த மூலையில் எந்தத் தூதரகம் தந்தி மாதிரி ஒரு வரி அனுப்பினாலும் கடைசியில் இந்த மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். காலையில் நூற்றிருபது, சாயங்காலம் தொண்ணூறு. இவர் எல்லாவற்றையும் படித்து, எல்லா வரைவிலும் எங்கேயாவது ஒரு கமா சேர்ப்பார், இல்லாவிட்டால் ஒரு கமாவை எடுப்பார். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வர விடமாட்டார். முதுகுக்குப் பின்னால் அவருக்குக் 'கமா' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். முப்பத்தாறு வருஷ உத்தியோகத்தில் மிச்சமிருப்பது ஐந்து மாதம். அதற்கப்புறம் ஒரு சின்னத் துறைமுக நாட்டில் மூன்று வருஷம் தூதர் பதவி என்று அமைச்சர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். இப்போதைக்கு அவருக்கு உத்தியோகத்தைவிட இடது தோள் பெரிய பிரச்சினை. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை.

மொட்டைத்தாளை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது அவருடைய தனி உதவியாளரின் வேலை. அன்றைக்கு உதவியாளருக்குப் பல் பிடுங்கல், லீவு. செயலர் ஒரு கோப்பு அட்டைக்குள் தாளை வைத்து, மேலே ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வார்த்தை எழுதிக் குத்தினார்: 'மொட்டை. கவனிக்கவும்.' வெளித் தட்டில் வைத்தார். அதோடு அடுத்த தந்திக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பதிவுப் பிரிவு எழுத்தர் ஒரு கோப்போடு உள்ளே வந்தார். ஐம்பது வயது, அரைக்கைச் சட்டை, பையில் மூன்று நிறத்தில் பேனா. புகார்ப் பிரிவில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு இங்கே மாற்றலாகி மூன்று வாரம்தான் ஆகிறது. முகத்தில் வேலை முடித்த திருப்தி.

"அம்மா, அந்த மொட்டை விஷயம். நேத்தே முடிச்சுட்டேன்."

"முடிச்சுட்டீங்களா? பெட்டியில வெச்சாச்சா?"

"பெட்டியா? இல்லம்மா. பதிஞ்சு, எண் போட்டு, முத்திரை வெச்சு, அனுப்புனவர் யாருன்னும் கண்டுபிடிச்சுட்டேன்."

செயலர் பேனாவைக் கீழே வைத்தார்.

புகார்ப் பிரிவில் மொட்டை என்றால் மொட்டைக் கடுதாசி. இன்ன அதிகாரி லஞ்சம் வாங்குகிறார், இன்னார் சர்ட்டிபிகேட் போலி என்று பெயர் போடாமல் வருகிற கடுதாசி. அதற்கு அங்கே ஒரு முறை உண்டு. வந்ததும் எண் போட வேண்டும். எழுதியவர் யாரென்று தடயம் கிடைத்தால் அவருக்கே ஒரு நகலோடு கடிதம் அனுப்பி, 'இதை எழுதியது தாங்கள்தானா?' என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் விசாரணை, இல்லை என்றால் மூடல். அந்த முறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எழுத்தர் அதில் கெட்டிக்காரர் வேறு. மோப்பம் பிடித்தே ஆளைச் சொல்லிவிடுவார் என்று அங்கே பேர் வாங்கினவர்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" செயலரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பார்வையாளர் பதிவேட்டப் பார்த்தேம்மா. நேத்துக் காலைல உங்க ரூமுக்கு வந்தவர் ஒருத்தர்தான். தாள்ல ஓரத்துல டீ டம்ளர் வட்டம் வேற இருந்துச்சு. உடனே தூதரகத்துக்கு லெட்டர் அடிச்சு ஆள் மூலமா அனுப்பிட்டேன். பதினஞ்சு நாள் டைம் கொடுத்திருக்கேன்."

"நகல்?"

"இணைச்சிருக்கேம்மா. நகல் இல்லாம எப்படி?"

செயலர் அந்த அலுவலக நகலை வாங்கிப் படித்தார். எண் 4417. 'பார்வையில் காணும் பெயரற்ற கடிதத்தை அனுப்பியது தாங்கள்தானா என்பதை உறுதி செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.' ஒரு பிழை இல்லை. கமாகூட சரியான இடத்தில்தான் இருந்தது. உலகத்தில் எந்த அமைச்சகமும் எந்தத் தூதரகத்தையும் இதுவரை கேட்டிராத கேள்வி. கேட்கக் கூடாத ஒரே கேள்வி.

"ஐயா, சீட்டுல கவனிக்கவும்னு எழுதியிருந்தேனே."

"அதான் கவனிச்சேம்மா," என்றார் அவர், கொஞ்சம் புண்பட்டு.

பத்திரமாகப் பார்த்துக்கொள் என்பதற்கும் கவனிக்கவும்தான், நடவடிக்கை எடு என்பதற்கும் கவனிக்கவும்தான். இந்தச் சொல்லைப் பிறர் வரைவில் பார்த்திருந்தால் செயலரே சிவப்பு மையால் அடித்திருப்பார்.

மத்தியானம் அமைச்சர் கூப்பிட்டார். செய்தி அவருக்கு அதற்குள் போயிருந்தது. நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தால் சத்தம் அதிகமாகும்.

"யாரும்மா அந்த மேதாவி? இன்னைக்கே சஸ்பெண்ட் பண்ணுங்க."

"சீட்டு எழுதினது நான் சார்."

"உங்களையா சஸ்பெண்ட் பண்ண முடியும்? பேச்சுக்கு ஒரு ஆள் வேணும்ல." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "சரி, அந்த ஏழு பேர்?"

"வேற வழி பார்க்கணும். நாம ஒரு கடிதம் எழுதி..."

"கேக்கறதா? அந்தப் பேச்சே வேண்டாம். போன மாசம் சபையில நான் என்ன சொன்னேன்? நாங்க கேட்க மாட்டோம், அவங்களா அனுப்பணும்னு சொன்னேன். மேசையைத் தட்டிச் சொன்னேன். ரெண்டு பக்கமும் கைதட்டினாங்க. இப்ப நான் போய் கெஞ்சினா என் தொகுதியில நான் நடமாட முடியுமா?"

"வியாழக்கிழமைக்கப்புறம் பத்து வருஷம் சார்."

அமைச்சர் ஜன்னலைப் பார்த்தார். "எனக்குத் தெரியாம எதாவது நடந்தா நடக்கட்டும். எனக்குத் தெரியாது. புரியுதுல்ல?"

புரிந்தது. முப்பத்தாறு வருஷத்தில் ஏழு அமைச்சர்களிடம் இந்த வாக்கியத்தைக் கேட்டாகிவிட்டது. நடந்தால் உன் தலை, நடக்காவிட்டாலும் உன் தலை என்பதைப் படித்தவர்கள் இப்படித்தான் சொல்வார்கள்.

சாயங்காலம் வீட்டில் கணவர் அவருடைய தோளில் தைலம் தேய்த்தார். ரசாயன வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளவாகத் தேய்ப்பார்.

"என்ன, நாட்டை வித்தாச்சா?" அவர் தினமும் கேட்கிற கேள்வி.

"வாங்க ஆள் இல்ல."

"அந்தத் துறைமுக ஊர்ல மீன் ஃப்ரெஷ்ஷா கிடைக்குமாம். உன் தம்பி போன் பண்ணினான். அத்தான், அங்க போனா எனக்கு ஒரு ரூம் ஒதுக்கிடுங்கன்னான்."

"அவன்கிட்ட இன்னும் எதுவும் சொல்லாதீங்க."

கணவரின் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு தொடர்ந்தது. "சரி," என்றார். "நாம மீன் இங்கயே வாங்கிக்கலாம்."

புதன்கிழமை காலை ஏழு மணிக்குச் செயலர் இயன்முறை சிகிச்சை நிலையத்துக்குப் போனார். தோளுக்காகத்தான், ஆனால் தோளுக்காக மட்டுமில்லை. முழங்காலுக்காகத் தூதரும் அங்கேதான் வருவார் என்பது இரண்டு அமைச்சகத்துக்கும் தெரியாத செய்தி. நடுவில் ஒரு பச்சைத் திரை. இந்தப் பக்கக் கட்டிலில் இவர், அந்தப் பக்கக் கட்டிலில் அவர். இருவர்மேலும் சூடான ஒத்தடப் பை.

"கமாம்மா," என்று திரை பேசியது. "என் வாழ்க்கையில இப்படி ஒரு லெட்டர் வாங்கினதில்ல. 'எழுதியது தாங்கள்தானா?' என் சம்சாரம்கூட என்னை இப்படிக் கேட்டதில்ல."

"மன்னிச்சுக்குங்க."

"சிரிச்சிருப்பேன். ஆனா அதைப் பிரிச்சது என் துணைத் தூதர். அவரு எங்க ஆளு இல்ல, வேற துறை. நகலை அப்படியே ஊருக்கு அனுப்பிட்டாரு. நீ கொடுத்தியான்னு நேத்து ராத்திரியே கேட்டுட்டாங்க. இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டேன். வேற என்ன பண்ண?"

"அப்ப அந்தத் தாள் செத்துப்போச்சு."

"பொறக்கவே இல்லையே, எப்படிச் சாகும்?" அவர் முழங்காலை நகர்த்தி முனகினார். "விடுதலை ஆர்டர் டைப் ஆகி எங்க மந்திரி மேசையில இருக்கு. அவருக்கும் அனுப்பிடணும்னுதான். ஆனா இப்ப எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்காங்க. நீங்க கேட்டு வாங்கினதா இருந்தாத்தான் கையெழுத்துப் போடுவாரு. மொட்டையில இல்ல. இலச்சினை, தேதி, கையெழுத்து, எல்லாம் வேணும்."

"எங்க அமைச்சர் கேட்க மாட்டாரு."

"தெரியும். மேசையைத் தட்டினதை நாங்களும் டிவியில பார்த்தோம்."

செயலர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் மனசுக்குள் வினைச்சொற்கள் வரிசையாக வந்து நின்றன. இது அவருக்குத் தூக்கத்தில்கூட வரும். 'எதிர்பார்க்கிறோம்' என்றால் பாதி மிரட்டல். 'விரும்புகிறோம்' என்றால் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி. 'கேட்டுக்கொள்கிறோம்' சமமானவர்கள் சொல்வது. 'வேண்டுகிறோம்' ஒரு படி கீழே இறங்கிச் சொல்வது. இறங்கினது நாடு என்று ஆகிவிடும். எல்லாம் 'றோம்' என்று முடிகிறது. அதில்தான் நாடே உட்கார்ந்திருக்கிறது. அரசாங்கக் காகிதத்தில் 'நான்' என்று ஒருவன் கிடையாது. இந்த உத்தியோகத்துக்குச் சேர்ந்த முதல் வாரமே அதைச் சொல்லிக்கொடுத்து விடுவார்கள்.

"தூதரே."

"சொல்லுங்க."

"வேண்டுகிறேன்னு எழுதினா?"

திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. "ஒருமையிலயா?"

"ஒருமையில. இலச்சினை இருக்கும், தேதி இருக்கும், என் கையெழுத்து இருக்கும். எங்க நாட்டுலயே பெரிய உத்தியோகஸ்தி வேண்டுறா. உங்க மந்திரி அதைக் காட்டி யார்கிட்ட வேணும்னாலும் பெருமை அடிச்சுக்கலாம். எங்க மந்திரி, நாடு கேட்கல, அந்தம்மா தானா எழுதிடுச்சுன்னு சொல்லிக்கலாம். ரெண்டும் நிஜம்."

"உங்களை?"

"அஞ்சு மாசம்தானே."

"அந்தத் துறைமுகம்?"

"உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சா?"

"எங்க தொழிலே அதுதானே." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார், குரல் இறங்கி: "அனுப்புங்க. மத்தியானத்துக்குள்ள கைக்கு வந்தா மிச்சம் என் பொறுப்பு."

எட்டரைக்கெல்லாம் செயலர் அலுவலகத்தில் இருந்தார். தட்டச்சருக்குச் சொன்னால் அவரும் விளக்கம் எழுத வேண்டி வரும். அதனால் தானே உட்கார்ந்து அடித்தார். விரல்கள் எழுத்தைத் தேடின. ஐந்து வரிக் கடிதத்துக்கு நாற்பது நிமிஷம். கடைசி வரியில் பழக்க தோஷத்தில் 'வேண்டுகிறோம்' என்றே அடித்துவிட்டார். இரண்டு எழுத்தை அழித்துவிட்டு, 'றேன்' என்று அடித்தார். பார்ப்பதற்குப் பிழை மாதிரியே இருந்தது. கையெழுத்துப் போட்டார். பிறகு பதிவுப் பிரிவுக்குத் தானே நடந்துபோய் எழுத்தரிடம் நீட்டினார்.

எழுத்தர் எழுந்து நின்றார். ஒரு நாளுக்குள் யாரோ அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும், முகம் சுண்டியிருந்தது. ஒரு கவரை எடுத்து நீட்டினார். "என் விளக்கக் கடிதம்மா. தப்பு முழுக்க என்னோடதுன்னு எழுதியிருக்கேன்."

"அதைக் கிழிங்க. கேக்காத விளக்கத்தை எழுதறது கெட்ட பழக்கம். இதைப் பதிஞ்சு உடனே அனுப்புங்க."

அவர் நின்றபடியே படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் புருவம் ஏறியது. "அம்மா, இதுல ஒரு தட்டச்சுப் பிழை..."

"இல்ல."

அவர் மறுபடி படித்தார். மோப்பக்காரர் அல்லவா, இந்தத் தடவை பிடித்துவிட்டார். பதிவேட்டில் எண் போட்டார். அனுப்புநர் என்ற கட்டத்தில் வழக்கமாக 'அமைச்சகம்' என்று எழுதுகிறவர், பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என் பேரை எழுதுங்க," என்றார் செயலர்.

மத்தியானம் ஒன்றேமுக்காலுக்குத் தூதரகத்திலிருந்து கடிதம் கிடைத்ததாக ஒரு வரி வந்தது. இரண்டரைக்கு அமைச்சர் அலுவலகத்திலிருந்து உறையிட்ட காகிதம் வந்தது: எந்த அதிகாரத்தின் கீழ் தன்னிச்சையாகக் கடிதம் எழுதினார் என்பதற்கு நாளைக்குள் விளக்கம் வேண்டும். துறைமுக நாட்டுக்கு வேறொருவர் பெயர் போய்விட்டது என்று உதவியாளர், கன்னம் வீங்கிய நிலையிலேயே, வந்து காதோடு சொன்னார். செயலர் தலையாட்டினார். பெரிய வருத்தம் வரும் என்று காத்திருந்தார். தோள்வலிதான் வந்தது.

நாலரைக்கு எல்லைச் சாவடி அதிகாரியின் அழைப்பு. பின்னால் காற்று இரைந்தது.

"அம்மா, வர்றாங்க. நடந்து வர்றாங்க. ஒண்ணு, ரெண்டு... ஆறு பேர் இந்தப் பக்கம் வந்துட்டாங்க."

"ஏழாவது?"

"அவரு நடுவுல நின்னுட்டாரும்மா. லாரி இல்லாம வர மாட்டேங்கறாரு. லாரி அவரோட சொந்த வண்டியாம். தவணை முடிஞ்சு மூணு மாசம்தான் ஆகுதாம். அஞ்சு மணிக்கு அவங்க கேட்டைச் சாத்திடுவாங்க. சாத்தினா ஆள் திரும்ப உள்ளதான்."

செயலர் கண்ணை மூடிக்கொண்டார். ஆட்களைப் பற்றித்தான் கடிதம். லாரியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. சேர்த்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது.

"போனை அவர்கிட்ட கொடுங்க."

"அவரு கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறாரும்மா."

"எட்டி நீட்டுங்க."

காலடிச் சத்தம், யாரோ அதட்டும் சத்தம், பிறகு ஒரு கரகரத்த குரல். "யாரு?"

"அமைச்சகத்துலருந்து பேசறேன். உங்க விஷயத்தைப் பார்த்துக்கிட்டிருந்தவ."

"வண்டி எப்பம்மா வரும்? இவங்க வரும்ங்கறாங்க, அவங்க வரும்ங்கறாங்க. யாரும் நாளைச் சொல்ல மாட்டேங்கறாங்க."

'உரிய காலத்தில்', 'ஆவன செய்யப்படும்', 'பரிசீலனையில் உள்ளது'. செயலரிடம் இப்படி நாற்பது இருந்தன. ஒவ்வொன்றும் அவரே தேய்த்து வழவழப்பாக்கியது. ஒன்றையும் எடுக்கத் தெம்பு இல்லை.

"வராதுண்ணே," என்றார்.

நிறுத்தாமல் மிச்சத்தையும் சொன்னார்.

"நம்ம ஆளுங்க கேட்டுக்கிட்டே இருப்பாங்க. வருஷமாகும். வந்தாலும் துருப்பிடிச்சுதான் வரும். நீங்க அங்க நின்னா வண்டியும் வராது, நீங்களும் வர மாட்டீங்க. நாளைக்குக் கோர்ட்டு."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே," என்றார் அந்த மனிதர். கோபமில்லை, ரொம்ப களைத்துப்போன குரல். "ஒன்பது வாரமா யாராவது ஒருத்தர் இதைச் சொல்லியிருந்தா நான் மனசைத் தேத்திக்கிட்டிருப்பேன்ல."

"ஆமா. சொல்லியிருக்கணும்."

"வீட்டுல என்ன சொல்றது?"

"அதுக்கு எனக்குப் பதில் தெரியலண்ணே."

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பத்தொன்று. பிறகு போன் கைமாறியது.

"நடக்கறாரும்மா," என்றார் சாவடி அதிகாரி, குரலைத் தாழ்த்தி. "திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே வர்றாரு. கோட்டைத் தாண்டிட்டாரு. வந்துட்டாரு."

"உட்கார வெச்சுக் குடிக்க எதாவது கொடுங்க. உடனே ஃபார்ம் நீட்டாதீங்க."

"சரிம்மா."

"நீங்களும் உட்காருங்க."

போனை வைத்துவிட்டு அவர் வலது கையால் இடது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். வெளியே உதவியாளர் ஆறு வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்த சத்தம் கதவு வழியே கேட்டது. ஏழாவது வீட்டின் எண்ணைத் தன்னிடம் கொடுக்கும்படி செயலர் மணியடித்துக் கேட்டார்.